தினமும் ஒன்றா, சனிக்கிழமை மட்டுமா, அடியோடு நிறுத்துவதா?

பலதுறை மருந்தகத்திலிருந்து வந்த தாளில் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 2.6 மில்லிமோல், எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3 விழுக்காடு, இரத்த அழுத்தம் 138/88. எதுவும் அலறும் அளவில் இல்லை. மூன்றும் எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. இப்படியொரு தாளோடு மருத்துவர் முன் உட்காரும் ஐம்பது வயதுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்பது இதுதான்: "கொஞ்சமா குடிச்சா நெஞ்சுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே டாக்டர், அதையும் விடணுமா?"

நியாயமான கேள்வி. அவர் முன்னால் சில வழிகள் இருக்கின்றன. தினமும் ஒரு கேனோடு நிறுத்திக்கொள்ளலாம். வாரநாளில் தொடாமல் சனிக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பீரிலிருந்து விஸ்கிக்கோ ஒயினுக்கோ மாறலாம். அளவைப் பாதியாக்கலாம். ஆல்கஹால் இல்லாத பீருக்குப் போகலாம். ஒரேயடியாக நிறுத்தலாம். இவற்றை ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். பாட்டில், பெக், கிளாஸ் எதுவும் அதற்கு உதவாது. கிராம்தான் உதவும்.

முதலில் கிராம் கணக்கு

மில்லி லிட்டரை ஆல்கஹால் விழுக்காட்டால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.79ஆல் பெருக்குங்கள். வருவது தூய ஆல்கஹாலின் கிராம். 330 மில்லி, 5 விழுக்காடு பீர் கேனில் 13 கிராம். காப்பிக்கடையில் வாளிக்குள் பனிக்கட்டியோடு வரும் 633 மில்லி பெரிய பாட்டிலில் 25 கிராம். 8.8 விழுக்காடு ஸ்ட்ராங் பீர் 500 மில்லி கேனில் 35 கிராம். பார்வைக்கு அதுவும் ஒரு கேன்தான், உள்ளே இருப்பது சாதாரண கேன் இரண்டரைக்கும் மேல். 13 விழுக்காடு ஒயின் 150 மில்லியில் 15 கிராம். 40 விழுக்காடு விஸ்கி 30 மில்லியில் ஒன்பதரை.

சிங்கப்பூர் வரி போடுவதும் இதே முறையில்தான். ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு விஸ்கியிலும் ஒயினிலும் 88 வெள்ளி, பீரிலும் ஸ்டவுட்டிலும் 60 வெள்ளி. 700 மில்லி விஸ்கி பாட்டிலில் இருப்பது 0.28 லிட்டர் ஆல்கஹால், ஆக உற்பத்தி வரி மட்டும் 24 வெள்ளி 64 காசு.

வீட்டில் கணக்கு தவறும் இடம் ஊற்றும் கை. டம்ளரில் "ரெண்டு விரல்" ஊற்றுபவர் அதை ஒரு பெக் என்கிறார். அகலமான கிளாஸில் அது 60 முதல் 75 மில்லி வரை வந்துவிடும், அதாவது 19 முதல் 24 கிராம். இருமல் மருந்தோடு வரும் சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் 15, 30 என்று கோடு போட்டிருக்கும். ஒரு முறை அதில் அளந்து கிளாஸில் ஊற்றி, எந்த இடம் வரை வருகிறது என்று பாருங்கள். பலருக்கு அன்றைக்குத்தான் உண்மை தெரியும். காப்பிக்கடை மேசையில் சிக்கல் வேறு. சின்ன கிளாஸில் பாதி காலியாவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் நிரப்பிவிடுவார். எத்தனை கிளாஸ் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே காலி பாட்டிலை எண்ணி, ஆளை எண்ணி, வகுத்துக்கொள்வதுதான் ஒரே வழி. ஆகவே பாட்டிலை எடுத்துப் போக வருபவரிடம், "இருக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று சொல்லி வையுங்கள்.

சிங்கப்பூரின் ஆலோசனை, ஆணுக்கு நாளொன்றுக்கு இரண்டு அளவுக்கு மேல் வேண்டாம், பெண்ணுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது. ஓர் அளவு சுமார் 10 கிராம். ஒரு கேனே ஓர் அளவைத் தாண்டிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

"நெஞ்சுக்கு நல்லது" எங்கிருந்து வந்தது

1992ல் செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையோடு இந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் நிறையச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்கு ஒயின் காரணமாக இருக்கலாம் என்றார். அதற்கு முன்னும் பின்னும் வந்த பல ஆய்வுகளில், கொஞ்சம் குடிப்பவர்களைவிடக் குடிக்காதவர்களுக்கு மாரடைப்பு சற்று அதிகமாகத் தெரிந்தது.

அந்தக் "குடிக்காதவர்கள்" யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உடம்பு கெட்டுப்போனதால் குடியை விட்டவரும் அந்தக் கூட்டத்தில்தான் வருவார். பிரிட்டனின் ஜெரால்ட் ஷேப்பர் 1988லேயே இதைச் சுட்டிக்காட்டினார். அளவோடு குடிக்கிறவர், பொதுவாக வருமானம், உடற்பயிற்சி, உணவு எல்லாவற்றிலும் ஒரு படி மேலே இருப்பவர். நல்ல பலன் ஒயினால் வந்ததா, அந்த வாழ்க்கையால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பிரித்துப் பார்க்க மரபணு ஒரு வழி தந்தது. ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதிகளின் மரபணு வடிவம் பிறப்பிலேயே அமைகிறது. சில வடிவங்களைக் கொண்டவர்களுக்குக் குடித்தால் முகம் சிவந்து, படபடத்து, குமட்டும். அதனால் ஆயுள் முழுக்கக் குறைவாகவே குடிப்பார்கள். நம் அலுவலக விருந்தில் அரை கிளாஸிலேயே சிவந்துவிடும் சீன நண்பரை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்காசியர்களிடம் அந்த வடிவம் பரவலாக உண்டு, நம்மவரிடம் அரிது. சீனாவில் 5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அவர்களில் சுமார் 1,60,000 பேரின் மரபணுவைப் பார்த்து 2019ல் முடிவை வெளியிட்டது. வாயால் சொன்ன அளவை வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் குடிப்பவருக்குப் பக்கவாதம் குறைவு என்றே தெரிந்தது. மரபணுவை வைத்துப் பார்த்தபோது அந்தப் பாதுகாப்பு மறைந்துவிட்டது. ஆல்கஹால் ஏற ஏற இரத்த அழுத்தமும் பக்கவாதமும் சேர்ந்தே ஏறின.

எச்டிஎல் என்ற "நல்ல கொழுப்பு" ஏறுமே என்பார்கள். ஏறும், உண்மைதான். ஆனால் எச்டிஎல்லை இதைவிடப் பல மடங்கு ஏற்றிய மாத்திரைகள் மாரடைப்பைக் குறைக்காமல் கைவிடப்பட்டன. அவற்றில் டார்செட்ராபிப் சோதனை 2006ல் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. தாளில் ஓர் எண் அழகாவது வேறு, இரத்தக்குழாய் காப்பாற்றப்படுவது வேறு.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2024 டிசம்பர் அறிக்கை, அளவோடு குடிப்பவர்களிடையே மொத்த மரணம் குறைவாகக் காணப்படுவதாகவே சொன்னது. அதே அறிக்கை மார்பகப் புற்றுநோய் கூடுவதையும் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2023ல் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றது. இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஓய்வது எப்போதாக இருந்தாலும், குடிக்காத ஒருவரைப் பார்த்து "நெஞ்சுக்காகத் தொடங்குங்கள்" என்று சொல்லும் அளவுக்குச் சான்று எங்கும் இல்லை. இதுவரை தொடாதவர், தொடங்க வேண்டாம். இந்த ஒன்றில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

சர்க்கரைக்கும் இதே கதைதான். அளவோடு குடிப்பவருக்கு நீரிழிவு குறைவு என்று ஆய்வுகள் வந்தன. 38 ஆய்வுகளைச் சேர்த்து, சுமார் 19 லட்சம் பேரின் விவரத்தை 2015ல் அலசியபோது, அந்தப் பலன் பெண்களிடமும் ஆசியர் அல்லாதவர்களிடமும் மட்டுமே தென்பட்டது. ஆசிய ஆணுக்கு அதில் பங்கில்லை.

தினமும் ஒன்றுக்கும் சனிக்கிழமைக்கும் உள்ள தூரம்

தினமும் ஒரு கேன் என்றால் வாரத்துக்கு 91 கிராம். சனிக்கிழமை இரவு நான்கு பெரிய பாட்டில் என்றால் 100 கிராம். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. உடம்பில் ஒன்றாக இருப்பதில்லை.

கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ஒரு கேன் இரவு உணவோடு உள்ளே போய், தூங்கும் நேரத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 100 கிராம் தீரப் பத்து முதல் பதினான்கு மணி நேரம் ஆகும், அதாவது மறுநாள் காலை வரை. அதுவரை கல்லீரல் ஆல்கஹாலை எரிப்பதிலேயே முழுமூச்சாக இருக்கும். கொழுப்பை எரிக்கும் வேலை நின்றுவிடும். எரியாத கொழுப்பு டிரைகிளிசரைடாகி, ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்கும், மீதி இரத்தத்தில் இறங்கும். அதோடு மட்டன் வறுவல், முட்டை பரோட்டா, வறுத்த கடலை என்று உள்ளே போனதெல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் வரிசையில் நிற்கிறது. தொப்பை, உயர்ந்த டிரைகிளிசரைடு, தாழ்ந்த எச்டிஎல் மூன்றும் தெற்காசியர்களிடம் சேர்ந்தே காணப்படும் கூட்டணி. வாரக்கடைசி விருந்து அதற்குத் தீனி போடுகிறது. டிரைகிளிசரைடு 11ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்தும் சேர்ந்துவிடும்.

இதயத் துடிப்பும் தடம் மாறும். விடுமுறை விருந்துக்கு மறுநாள் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருபவர்களைப் பற்றி 1978லேயே எழுதி, "ஹாலிடே ஹார்ட்" என்று பெயரும் வைத்தார்கள். அதன் பெரும்பகுதி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தின் மேலறைகள் சீரில்லாமல் துடிப்பது; இரத்தம் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும் வாசல் அது. ஒரே அமர்வில் 60 கிராம் என்பதை அதீதக் குடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இரண்டரை பெரிய பாட்டிலிலேயே அந்தக் கோடு வந்துவிடுகிறது.

ஆகவே இந்த இரண்டில் மோசமானது சனிக்கிழமை வழி. வாரத்தில் ஆறு நாள் தொடவில்லை என்ற பெருமை இரத்தக்குழாய்க்குத் தெரியாது.

அதற்காகத் தினமும் ஒன்று குற்றமற்றது என்று ஆகிவிடாது. ஒருநாள்கூட இடைவெளி இல்லாத பழக்கம் இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். நாளொன்றுக்கு 12 கிராம் குடிப்பவருக்கு மேல் அழுத்தம் சுமார் 1.25 புள்ளி கூடுகிறது, 48 கிராமுக்கு 4.9 என்று 2023ல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. தாறுமாறான துடிப்பு வரும் வாய்ப்பும் தினம் ஒரு சிறு அளவிலேயே 16 விழுக்காடு கூடுவதாக 2021ல் ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. அதைவிட நடைமுறைச் சிக்கல், ஒன்று என்பது ஒன்றாகவே நிற்பதில்லை. ஆறு மாதத்தில் கேன் பெரிய பாட்டிலாகிவிடும்.

பீர், ஒயின், விஸ்கி

இதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. கிராம் சமமாக இருந்தால் அழுத்தத்துக்கும் துடிப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பீரில் மாவுச்சத்து கூடுதல். பெரிய பாட்டிலுக்குச் சுமார் 270 கலோரி. விஸ்கியில் சர்க்கரை இல்லை, ஆனால் 200 மில்லி கோலாவைக் கலந்தால் சுமார் 20 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடும். சோடாவோ தண்ணீரோ போதும்.

சிவப்பு ஒயினைப் பற்றி மட்டும் ஒன்று. இருதய ஆபத்து அதிகமுள்ள 67 ஆண்களுக்கு நான்கு வாரம் சிவப்பு ஒயின், நான்கு வாரம் ஜின், நான்கு வாரம் ஆல்கஹால் நீக்கிய சிவப்பு ஒயின் என்று ஸ்பெயினில் மாற்றி மாற்றிக் கொடுத்து, 2012ல் முடிவைச் சொன்னார்கள். மேல் அழுத்தம் தெளிவாக, 6 புள்ளி அளவுக்கு இறங்கியது ஆல்கஹால் நீக்கிய ஒயினில்தான். நன்மை ஏதாவது இருந்தால் அது திராட்சையுடையது.

மாத்திரை போடுபவர்களுக்கு ஒப்பீடே வேறு

சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிக்லசைடு, கிளிபிசைடு வகை மாத்திரையோ போடுபவர்கள் இந்தப் பகுதியை வீட்டிலுள்ளவர்களிடமும் படித்துக் காட்டுங்கள். இரவில் சாப்பிடாமல் இருக்கும்போது சர்க்கரை கீழே போகாமல் காப்பது கல்லீரல். அது ஆல்கஹாலை எரித்துக்கொண்டிருந்தால் அந்தக் காவல் இல்லை. மாத்திரை இறக்கிக்கொண்டே போகும், ஏற்ற ஆளில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு வியர்வை, நடுக்கம், குழறல், உளறல். இவையெல்லாம் போதையின் அறிகுறிகளும்தான். "குடிச்சிட்டு வந்து கெடக்காரு, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவதில்தான் உயிர் போகிறது. அந்த நிலையில் விரலில் குத்திப் பாருங்கள். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, அவரால் விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 995ஐ அழையுங்கள்.

இவர்கள் குடிப்பதாக இருந்தால் வெறும் வயிற்றில் கூடாது. சோறோ சப்பாத்தியோ சாப்பிட்டிருக்க வேண்டும். படுக்கும் முன் சர்க்கரை பார்க்க வேண்டும். 5.6க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டும் அரை கிளாஸ் பாலுமாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும்.

மெட்பார்மின் மட்டும் போடுபவருக்குச் சர்க்கரை இறங்கும் பயம் குறைவு. அளவு மீறினால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் அபாயம் உண்டு. எம்பாகிளிப்லோசின், டாபாகிளிப்லோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைப் போடுபவர்கள் சாப்பிடாமல் நிறையக் குடித்தால், சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். நாக்கின் அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையோடு ஆல்கஹால் சேர்ந்தால் அழுத்தம் சரிந்து விழுவார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் போடுபவருக்கு இரத்தம் உறைவதன் கணக்கே குழம்பும்.

குறைப்பதா, நிறுத்துவதா

83 ஆய்வுகளிலிருந்து சுமார் 6 லட்சம் பேரின் விவரத்தைச் சேர்த்து 2018ல் லான்செட் வெளியிட்ட அலசலில், வாரம் 100 கிராமைத் தாண்டியபின் ஆயுள் குறையத் தொடங்கியது. அதே அலசலில் ஒவ்வொரு கூடுதல் 100 கிராமுக்கும் பக்கவாத ஆபத்து 14 விழுக்காடு கூடியது; உயிர் போகாத மாரடைப்பு மட்டும் சற்றுக் குறைந்தது. ஒரு கையில் வாங்கி மறு கையில் கூடுதலாகக் கொடுக்கும் வியாபாரம். சிங்கப்பூரின் நாளுக்கு இரண்டு என்ற மேல்வரம்பை ஆண்கள் தினமும் தொட்டால் வாரம் 140 கிராம் ஆகிவிடும். ஆகவே அதைத் தினப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாளில் எல்லாம் சரியாக இருந்து, மருந்து எதுவும் போடாதவருக்கு, வாரம் 100 கிராமுக்குள், ஒரு நாளில் 20 கிராமைத் தாண்டாமல், வாரத்தில் மூன்று நான்கு நாள் தொடாமல் இருப்பது ஏற்கத்தக்க வழி. பெண்களுக்கு அதில் பாதி; உடலில் நீர் குறைவு என்பதால் அதே கேன் இரத்தத்தில் அதிகம் ஏறும், நாளுக்கு ஒவ்வொரு 10 கிராமும் மார்பகப் புற்றுநோய் ஆபத்தை 7 விழுக்காடு அளவுக்குக் கூட்டுகிறது.

மேலே சொன்ன 2.6, 6.3, 138/88 தாள்காரருக்கு என் பரிந்துரை, முதலில் மூன்று மாதம் முழுக்க நிறுத்திப் பார்ப்பது. குறைப்பதைவிட நிறுத்துவது சுலபமாக இருக்கும், ஏனென்றால் இரண்டாவது பாட்டிலோடு வாதாட வேண்டியதில்லை. தவிரவும் தாளில் எவ்வளவு பங்கு ஆல்கஹாலுடையது என்பது அப்போதுதான் தெரியும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், டிரைகிளிசரைடு 5க்கு மேல், கல்லீரல் நொதி உயர்வு, இதயம் பலவீனம், கர்ப்பம்: இவர்களுக்கு ஒப்பீடே தேவையில்லை, நிறுத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்தத் துடிப்புக் கோளாறு உள்ள 140 பேரில் பாதிப்பேரைக் குடியை விடச் சொல்லிப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் கோளாறு திரும்பியது, குடித்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கு. விட்டவர்களில் 53 விழுக்காட்டினருக்கு. ஒரு மாத்திரை செய்யும் வேலை அது.

காப்பிக்கடைக் கூட்டத்தை இழக்க மனமில்லாதவருக்கு 0.0 பீர் நல்ல துணை. கேனின் பக்கவாட்டில் சர்க்கரையைப் பாருங்கள்: 100 மில்லிக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும், பானங்களின் தரக்குறியான நியூட்ரிகிரேடில் ஏ அல்லது பி. மால்ட் பானம் என்று விற்பவை சில இனிப்புத் தண்ணீர்தான். இரவு 10.30க்கு மேல் கடையில் மது விற்கமாட்டார்கள் என்ற சட்டத்தையும் உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்: பத்து மணிக்கு "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டு கூடுதலாக வாங்கி வைக்காதீர்கள். வீட்டில் இல்லாத பாட்டிலை யாரும் திறப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஓரிரு நாளில் வலிப்பும், அடுத்த சில நாளில் மனக்குழப்பமும் வரலாம். அவருக்கு மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். மனநலக் கழகத்திலுள்ள தேசியப் போதைப்பழக்க மேலாண்மைச் சேவையை 6732 6837 என்ற எண்ணில் கேட்கலாம்.

நிறுத்தியவர்கள் மூன்று மாத முடிவில் அதே பரிசோதனையை அதே இடத்தில் எடுங்கள். முந்தைய இரவு பத்து மணிக்குமேல் தண்ணீர் மட்டும். டிரைகிளிசரைடோடு ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அழுத்தத்தை மருந்தகத்தில் ஒரு தடவை பார்ப்பதைவிட, ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின், இரண்டிரண்டு தடவை பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். டிரைகிளிசரைடு 2.6இலிருந்து 1.7க்குக் கீழே இறங்கியிருந்தால், ஏற்றியது எது என்று தெரிந்துவிட்டது. இறங்கவில்லையென்றால் அடுத்துக் குறைக்க வேண்டியது சோறு, பரோட்டா, இனிப்புத் தேநீர். அந்தப் பேச்சை மருத்துவரிடம் அன்றே தொடங்கலாம்.